ஆற்றில் கரைந்த பித்தம்: ஹியூரான் ஏரிக்கரையில் ஐந்து நாள்கள்

ஜூன் 5, 2024, புதன். நோவையிலிருந்து ராஜர்ஸ் சிட்டி

டெட்ராய்ட்டை அடுத்த நோவை நகரில் உள்ள அண்ணன் வீட்டிலிருந்து காலை ஒன்பது மணிக்குக் கிளம்பி, வழியில் இரண்டு இடங்களில் நின்று, மிச்சிகன் மாநிலத்தின் வடகிழக்கு விளிம்பில் ஹியூரான் ஏரியை ஒட்டியிருக்கும் ராஜர்ஸ் சிட்டிக்கு மூன்று மணிக்கு வந்து சேர்ந்தோம். நோவையில் நல்ல வெயில். இங்கே காரை விட்டு இறங்கியதும் ஏரிக்காற்று உடம்பை உலுக்கியது. அண்ணி கட்டிக் கொடுத்த புளியோதரையை ஏரிக்கரைப் பூங்காவின் மர மேசையில் வைத்துச் சாப்பிடலாம் என்று உட்கார்ந்தவர்கள், இரண்டு வாய்க்குப் பிறகு பாத்திரத்தை மூடிக்கொண்டு காருக்குள் போய்விட்டோம். விடுதி அறை ஓர் இரவுக்கு நூற்றுப் பதினொரு டாலர். ஜன்னலைத் திறந்தால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை தண்ணீர்தான். கடல் என்றே நினைக்கத் தோன்றுகிறது, ஆனால் உப்பு வாசனை இல்லை.

இந்தப் பயணம் ஏன் என்று அண்ணனின் நண்பர்கள் எல்லோரும் கேட்டார்கள். அமெரிக்கா வருபவர்கள் நயாகராவுக்குப் போவார்கள், நியூயார்க் போவார்கள். நான் லாம்ப்ரே என்னும் தாடையில்லாத ஒட்டுண்ணி மீன் பிறந்து வளரும் ஓடைகளைப் பார்க்க வேண்டும் என்று ஓராண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். காரணத்தை முதல் நாளிலேயே எழுதிவிடுகிறேன்.

நான் சென்னையில் குழந்தைகளுக்கான கல்லீரல் சிகிச்சைப் பிரிவில் பதினான்கு ஆண்டுகளாகச் செவிலியர். எங்களிடம் வரும் கைக்குழந்தைகளில் கணிசமானவர்களுக்குப் பிலியரி அட்ரீசியா என்னும் நோய் இருக்கும். கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தத்தைக் கொண்டுசெல்லும் நாளங்கள் அழற்சியுற்று அடைபட்டு அழிந்துபோகும் நோய் அது. பித்தம் வெளியேற வழியில்லாமல் கல்லீரலிலேயே தங்கி அதை அரித்துவிடும். பிறந்த அறுபது நாள்களுக்குள், ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் வகுத்த அறுவைசிகிச்சையைச் செய்து, கல்லீரலின் வாயிலில் குடலின் ஒரு துண்டை நேராக இணைத்துவிட்டால் பல குழந்தைகளுக்குப் பித்தம் ஓடத் தொடங்கும்; தவறினால் கல்லீரல் மாற்றுதான். இந்த நோயை முதலில் காட்டிக்கொடுப்பது மலத்தின் நிறம். "வெள்ளையா போகுது சிஸ்டர்" என்று தாய்மார்கள் சொல்லும்போதே எங்களுக்கு மனம் பதைக்கும். தைவானில் 2004 முதல் ஒவ்வொரு தாய்க்கும் மல நிறங்கள் அச்சிட்ட அட்டையைக் கொடுத்து, குழந்தையின் மலத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். அந்த ஒரு அட்டை பல உயிர்களைக் காத்திருக்கிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் பிரிவில் நடந்த வகுப்பில் ஒரு மருத்துவர், பித்த நாளங்களையும் பித்தப்பையையும் முற்றிலும் இழந்துவிட்டு ஆரோக்கியமாக வாழும் ஓர் உயிரினம் இருக்கிறது என்று சொல்லி லாம்ப்ரேயின் படத்தைக் காட்டினார். அதன் குட்டிப் பருவத்தில் எல்லாம் இருக்கிறது; வளர்ந்து உருமாறும்போது நாளங்களும் பையும் தாமாகவே கரைந்துவிடுகின்றன. எங்கள் குழந்தைகளைக் கொல்லும் அதே நிலை அதற்கு இயல்பான வளர்ச்சி. அன்று வீடு திரும்பியதும் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க, அந்தக் குட்டிகளின் மலத்தில் கலந்து வெளிவரும் பித்த அமிலங்களை மோந்து பார்த்துத்தான் வளர்ந்த லாம்ப்ரேக்கள் தாம் முட்டையிட வேண்டிய ஆற்றைத் தேர்ந்தெடுக்கின்றன என்ற செய்தி வந்து நின்றது. மலத்தில் பித்தம் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே பதினான்கு ஆண்டுகளைக் கழித்தவளுக்கு அதைப் படித்த இரவில் தூக்கம் வரவில்லை.

ஜூன் 6, வியாழன். ராஜர்ஸ் சிட்டி, ஹாமண்ட் பே

காலையில் கரையே தெரியாத மூடுபனி. நெடுஞ்சாலையோரச் சிற்றுணவகத்தில் இரண்டு முட்டை, துருவி வறுத்த உருளைக்கிழங்கு, ரொட்டி எல்லாம் சேர்த்துப் பதினொரு டாலர். காபிக்கு மூன்று டாலர், ஆனால் கோப்பை காலியாகும் முன்பே வந்து நிரப்பிவிடுகிறார்கள். எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவர் பக்கத்து மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். என்ன பார்க்க வந்தீர்கள் என்று பரிமாறிய பெண் கேட்டதற்கு நான் சொன்ன பதில் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். கோப்பையை எடுத்துக்கொண்டு எங்கள் மேசைக்கே வந்து, உட்காரலாமா என்று அனுமதி கேட்டு உட்கார்ந்தார்.

அவருடைய தந்தை வலை போட்டு லேக் டிரவுட் என்னும் ஏரி மீனைப் பிடித்தவர். தாம் சிறுவனாக இருந்தபோது வலையில் வந்த மீன்களின் விலாவில், சதையைத் துளைத்து வட்டமாகச் செய்த புண்கள் இருக்கும் என்று சொல்லி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்துக் காட்டினார். பிறகு புண்பட்ட மீன்களும் வரவில்லையாம்; வலை வெறுமனே வந்ததாம். படகை விற்றுவிட்டு அவர் தந்தை ஊரின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இதைச் சொல்லும்போது பெரியவரின் குரலில் கோபம் எதுவும் இல்லை. படகின் பெயரை மட்டும் இரண்டு முறை சொன்னார்.

அவர் சொன்னதன் அளவை எண்களில் பார்த்தால் திகைப்பாக இருக்கிறது. கடல் லாம்ப்ரே அட்லாண்டிக் பெருங்கடலுக்கு உரியது. நயாகரா அருவி அதன் வழியை மறித்திருந்தது. கப்பல்களுக்காக அருவியைச் சுற்றி வெட்டிய வெல்லண்ட் கால்வாயை ஆழப்படுத்திய பிறகு, 1921-இல் ஈரி ஏரியிலும், 1936-இல் மிச்சிகன் ஏரியிலும், 1937-இல் ஹியூரானிலும், 1938-இல் சுப்பீரியரிலும் அது காணப்பட்டது. உறிஞ்சும் வட்ட வாயால் மீனைப் பற்றிக்கொண்டு, பல் பதித்த நாக்கால் துளையிட்டு, இரத்தத்தையும் உடல் நீரையும் குடிக்கும். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு நீளும் ஒட்டுண்ணிப் பருவத்தில் ஒரே ஒரு லாம்ப்ரே பதினெட்டுக் கிலோ வரை மீனைக் கொன்றுவிடக் கூடும். மேல் ஏரிகளான சுப்பீரியர், மிச்சிகன், ஹியூரானில் ஆண்டுக்குச் சுமார் ஒன்றரைக் கோடி பவுண்டு பிடிபட்டுவந்த லேக் டிரவுட், 1960-களின் தொடக்கத்தில் மூன்று லட்சம் பவுண்டாகச் சுருங்கியது. ஒன்றரைக் கோடி எப்படி மூன்று லட்சமாக ஆனது என்பது அந்தப் பெரியவரின் வீட்டுக் கதை.

பிற்பகலில் பனி விலகியதும் ஏரியை ஒட்டிய சாலையில் வடக்கே போனோம். மரங்களுக்கு இடையில் ஹாமண்ட் பே உயிரியல் நிலையம் இருக்கிறது. பழைய கடலோரக் காவல் நிலையத்தை 1950-இல் ஆய்வுக்கூடமாக மாற்றினார்கள். உள்ளே போக எங்களுக்கு அனுமதி இல்லை, கேட்கவும் இல்லை. சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் நின்றேன். இங்கேதான் வெர்னன் ஆப்பிள்கேட் என்பவரும் அவருடைய குழுவினரும், லாம்ப்ரேயின் குட்டிகளான லார்வாக்களை மட்டும் கொன்று மற்ற மீன்களை விட்டுவைக்கும் வேதிப்பொருளைத் தேடி, ஏறத்தாழ ஆறாயிரம் பொருள்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். ஒரே ஜாடியில் லார்வாக்களையும் வேறு மீன்களையும் சேர்த்துப் போட்டு, எது சாகிறது, எது பிழைக்கிறது என்று நாள்தோறும் குறித்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் செய்த வேலை. கடைசியில் டி.எஃப்.எம். என்று சுருக்கி அழைக்கப்படும் பொருள் கிடைத்தது. 1958-இல் ஓடைகளில் விடத் தொடங்கினார்கள். இன்றுவரை லாம்ப்ரேயின் தொகையை உச்சத்திலிருந்து ஏறத்தாழ தொண்ணூறு விழுக்காடு குறைத்து வைத்திருப்பதில் முதல் பங்கு அதற்குத்தான்.

டி.எஃப்.எம். ஏன் லாம்ப்ரேயை மட்டும் அதிகம் தாக்குகிறது என்பது எனக்கு நெருக்கமான விஷயம். மற்ற மீன்களின் கல்லீரல் அந்த நஞ்சை குளூக்குரோனிக் அமிலத்தோடு பிணைத்து வெளியேற்றிவிடுகிறது. லாம்ப்ரேயின் கல்லீரலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. பிறந்த குழந்தையின் கல்லீரல் பிலிருபின் என்னும் மஞ்சள் நிறமியை வெளியேற்றுவதும் இதே பிணைப்பு வேலையால்தான். அந்த வேலை முழுத் திறனோடு தொடங்குவதற்குச் சில நாள்கள் ஆவதால்தான் பல குழந்தைகளுக்கு முதல் வாரத்தில் மஞ்சள் தட்டுகிறது, நாங்கள் நீல விளக்கின் கீழ் படுக்க வைக்கிறோம். அந்தச் சாலையோரத்தில் நின்றபோது எனக்கு வார்டின் நீல வெளிச்சம் நினைவுக்கு வந்தது.

இரவு உணவு வைட்ஃபிஷ், ஏரியில் பிடித்தது, இருபத்து நான்கு டாலர். வெண்ணெயில் வாட்டி எலுமிச்சை பிழிந்து தருகிறார்கள். காரம் இல்லை என்பதைத் தவிர ஒரு குறையும் சொல்ல முடியாது. மீன் அவ்வளவு புதிது.

ஜூன் 7, வெள்ளி. பெயர் எழுதாத ஓர் ஓடை

நேற்று உணவகத்தில் பரிமாறிய பெண்தான், லார்வாக் கணக்கெடுப்புக்காரர்கள் இந்த வாரம் பக்கத்து ஓடைகளில் வேலை செய்கிறார்கள் என்று சொல்லியிருந்தார். காலை பத்து மணிக்கு ஒரு சிறு பாலத்தருகே அவர்களுடைய வண்டியைக் கண்டோம். தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. ஊசியிலைக் காடுகளின் சதுப்பிலிருந்து வருவதால் அந்த நிறம். இரண்டு இளைஞர்கள் மார்புவரை ரப்பர் உடை அணிந்து, முதுகில் மின்கலப் பெட்டியைச் சுமந்து, இரண்டு நீண்ட கோல்களை நீருக்குள் நீட்டியபடி அங்குலம் அங்குலமாக நடந்துகொண்டிருந்தார்கள். கரையில் வாளிகளோடு நின்ற, அறுபது வயது மதிக்கத்தக்க அம்மாள்தான் குழுவின் தலைவி. நான் செவிலியர் என்றும், எந்த நோய்க்காக இந்த உயிரினத்தைப் பற்றிப் படித்தேன் என்றும் சொன்னதும், வேலைக்கு இடையூறு இல்லாமல் கரையில் நின்று பார்க்கச் சம்மதித்தார்.

வண்டலுக்குள் புதைந்து கிடக்கும் லார்வாவை வெளியே வரவழைக்க, முதலில் நொடிக்கு மூன்று துடிப்புகள் என்ற கணக்கில் மெதுவான மின்சாரத்தைச் செலுத்துகிறார்கள். அந்த அரிப்பைத் தாங்காமல் லார்வா சேற்றிலிருந்து நெளிந்து மேலே வரும். வந்த நொடியில் வேகமான துடிப்புக்கு மாற்றினால் அது மயங்கி அசையாமல் நிற்கும். சிறு வலையால் அள்ளிவிடலாம். மூன்று சதுர மீட்டர்கூட இருக்காத ஒரு சேற்றுத் திட்டிலிருந்து பத்து நிமிடத்தில் பதினேழு வந்தன. மேலே பார்த்தால் உயிரின் தடமே இல்லாத சேறு அது.

வாளிக்குள் கைவிடப் போன என்னை அந்த அம்மாள் சட்டென்று தடுத்தார். காரை விட்டு இறங்கும்போது கொசுவுக்காகக் கை முழுவதும் மருந்து தெளித்திருந்தேன். அந்த வாசனை அவருக்கு எட்டியிருந்தது. இவற்றின் தோலுக்கும் மூக்குக்கும் அந்த மருந்து ஆகாது, இன்று நீங்கள் தொடக்கூடாது என்று பணிவாக, ஆனால் உறுதியாகச் சொன்னார். ஒன்பதாயிரம் மைல் தாண்டி வந்து ஒரு சாண் தூரத்தில் நிற்கும்போது இப்படி ஆனது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. அண்ணன் மருந்து தெளித்துக்கொள்ளவில்லை. "நீ கிட்ட வந்து பாரு பாப்பா, நான் பிடிச்சுக்கிறேன்" என்று சொல்லிக் கைகளை ஓடை நீரில் நனைத்து, இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து ஏந்தினார். அந்த அம்மாள் ஒரு லார்வாவை அதில் விட்டார்.

என் விரல் நீளம்கூட இல்லை. முதுகு பழுப்பு, வயிறு வெளிர் மஞ்சள். கண் இருக்க வேண்டிய இடத்தில் கண் தெரியவில்லை. அது தோலுக்கடியில் வளராமல் இருக்கிறது. பல்லும் இல்லை. வாயின் மேல் ஒரு முக்காடுபோல் உதடு கவிந்திருக்கிறது. தலைக்குப் பின்னால் ஒவ்வொரு பக்கமும் ஏழு சிறு துளைகள், தையல்காரர் ஊசியால் வரிசையாகக் குத்தியதுபோல். அவைதான் செவுள் வாய்கள். மயக்கம் தெளிந்ததும் அது நீந்திப் போக முயலவில்லை. அண்ணனின் விரலிடுக்கைத் தேடித் தலையை நுழைத்து நுழைத்துத் தோண்டப் பார்த்தது. வெளிச்சத்திலிருந்து மறைந்துகொள்வது ஒன்றே அதற்குத் தெரிந்த காரியம். மூன்று முதல் ஏழு ஆண்டுகள், சில வேளை அதற்கும் மேல், இப்படிச் சேற்றுக்குள்ளேயே தலையை மட்டும் மேல்நோக்கி வைத்து, நீரோடு வரும் பாசித் துணுக்குகளையும் மக்கிய இலைத் தூளையும் வடித்துத் தின்று வாழ்கிறது.

அந்தச் சின்ன உடலுக்குள், கல்லீரலில் பதிந்து, ஒரு பித்தப்பை இருக்கிறது. அது சுரக்கும் பித்த உப்பு மனிதப் பித்தத்திலிருந்து வேறுபட்டது. லார்வாக்களின் பித்தத்திலிருந்து பெட்ரோமைசனால் சல்ஃபேட் என்ற பொருளை 1969-இலேயே பிரித்தறிந்து எழுதியிருக்கிறார்கள்; ஆனால் அது ஆற்றில் என்ன செய்கிறது என்பது அப்போது தெரியாது. களப்பணியாளர்கள் இன்னொன்றைக் கவனித்திருந்தார்கள். டி.எஃப்.எம். விட்டு லார்வாக்களைக் கொன்ற ஓடைகளுக்கு அடுத்த பருவத்தில் முட்டையிட வரும் பெரிய லாம்ப்ரேக்கள் குறைந்தன. சால்மன் மீன்கள் தாம் பிறந்த ஆற்றுக்கே திரும்புவதைப்போல் லாம்ப்ரேக்கள் திரும்புவதில்லை என்பது பின்னர் உறுதியாயிற்று. எங்கே குட்டிகள் வளர்கின்றனவோ அங்கே போகின்றன. 1995-இல் வெய்மிங் லீ, பீட்டர் சோரன்சன் என்ற ஆய்வாளர்கள், லார்வாக்கள் வெளியேற்றும் பித்த அமிலங்களுக்கு வளர்ந்த லாம்ப்ரேயின் மூக்கு மிகக் கூர்மையாகத் துலங்குவதைக் காட்டினார்கள். பத்தாண்டுகள் கழித்து, 2005-இல், சோரன்சனின் குழு லார்வாக்கள் வாழ்ந்த ஆயிரக்கணக்கான லிட்டர் நீரை வடித்து மேலும் இரண்டு ஸ்டீராய்டு சல்ஃபேட்டுகளைக் கண்டறிந்தது. அவற்றில் வலிமை மிகுந்ததன் பெயர் பெட்ரோமைசனமைன் டைசல்ஃபேட். அதில் ஒரு கிராமை ஆயிரம் கோடி லிட்டர் நீரில் கரைத்தாலும், அதாவது நாலாயிரம் ஒலிம்பிக் நீச்சல் குளங்களில் பரப்பினாலும், லாம்ப்ரேயின் மூக்கு உணர்ந்துவிடும்.

இந்தக் கணக்கைவிட என்னை அதிகம் தொட்டது அதன் பொருள். பேரேரிகளுக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகளும் ஓடைகளும் வந்து சேர்கின்றன. அவற்றில் பத்தில் ஒன்று அளவுக்கே லாம்ப்ரே வளர ஏற்றவை. முட்டையிடும் வாய்ப்பு வாழ்நாளில் ஒரே ஒரு முறை. முட்டையிட்டதும் தாயும் தந்தையும் இறந்துவிடும். எந்த ஓடையில் சரளைக்கல் இருக்கிறது, எதில் மென்மையான வண்டல் இருக்கிறது, எதில் கோடையில் நீர் வற்றாது என்று சோதித்துப் பார்க்க அவற்றுக்குக் காலம் இல்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் அங்கே உயிரோடு தின்று வளரும் குட்டிகளின் பித்தம் ஆற்றோடு கலந்து ஏரிக்கு வருகிறது. அந்தக் குட்டிகள் யாரையும் கூப்பிடவில்லை, சாப்பிட்டு மலம் கழிக்கின்றன, அவ்வளவுதான். அதைப் படித்துத் தெரிந்துகொள்வது பெரியவற்றின் வேலை. எங்கள் வார்டிலும் மூன்று வாரக் குழந்தைக்கு எதையும் சொல்லத் தெரியாது. துணியைப் பிரித்து நிறத்தைப் பார்க்கும் நாங்கள்தான் படிக்க வேண்டும்.

பெட்ரோமைசனால் சல்ஃபேட்டும் சோரன்சன் குழு கண்டறிந்த இரண்டுமாக மூன்று பொருள்களையும் செயற்கையாகச் செய்து பொறி வைத்தால் போதுமே என்று அந்த அம்மாளிடம் கேட்டேன். ஆய்வுக்கூடத் தொட்டியில் அவை ஈர்த்தன. உண்மையான ஆற்றில் லார்வாக்களின் முழு வாசனைக்கு அவை ஈடாகவில்லை என்றார். குட்டிகளின் வாசனையில் இன்னும் பெயர் வைக்காத பொருள்கள் இருக்கின்றன. அதோடு, இந்த ஆறுகளுக்கே உரிய, யாருக்கும் தீங்கு செய்யாத சிறிய உள்ளூர் லாம்ப்ரே இனங்களின் குட்டிகளும் இதே பித்த அமிலங்களை வெளியேற்றுகின்றன. அவை இருக்கும் ஓடையும் அந்நிய லாம்ப்ரேயை அழைக்கும்.

மதியம் மூன்று மணிக்கு விடைபெற்றோம். காலணிக்குள் தண்ணீர், கணுக்காலில் ஓர் உண்ணி. விடுதிக்கு வந்து இடுக்கியால் அதைப் பிடுங்கிவிட்டு, இந்த ஒரு பதிவை எழுதவே இரண்டு மணி நேரம் ஆகியிருக்கிறது.

ஜூன் 8, சனி. ஆக்கியாக் அருவி, இன்னோர் ஓடை

ஆக்கியாக் அருவி மிச்சிகனின் கீழ்த் தீபகற்பத்தில் மிகப் பெரியது என்கிறார்கள். உயரம் ஓர் ஆள் மட்டம்கூட இல்லை. குற்றாலத்தைப் பார்த்த கண்ணுக்கு அது படிக்கட்டுதான், ஆனால் சக்கர நாற்காலியில் வருபவர்களும் நீரருகே வரை போகும்படி சரிவுப் பாதை அமைத்திருப்பது மனத்துக்கு நிறைவாக இருந்தது.

நேற்றைய அம்மாள் சொல்லியிருந்த வேறோர் ஓடைக்குப் பத்தரை மணிக்குப் போனோம். வெயில் நேராக விழுந்ததால் அடிவரை தெரிந்தது. சரளைக்கல் படுகையில் முறத்தளவு வட்டமான பள்ளம். அதில் முழங்கை நீளத்துக்கு மேலான இரண்டு லாம்ப்ரேக்கள். ஒன்று வாயால் கூழாங்கல்லைக் கவ்வி, உடலை வளைத்து இழுத்து, பள்ளத்தின் விளிம்பில் கொண்டுபோய் வைத்தது. மறுபடி வந்தது, மறுபடி ஒரு கல். என் முஷ்டியளவு கல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நீரோட்டத்துக்கு எதிராக அது பட்ட பாட்டை நானும் அண்ணனும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். இதே வாய்தான் அந்தப் பெரியவரின் தந்தையிடமிருந்து படகைப் பறித்தது. இரண்டையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொள்வது எளிதாக இல்லை; வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன்.

இங்கேயும் பித்தம்தான் பேசுகிறது. பக்குவமடைந்த ஆண் லாம்ப்ரே, லார்வாவின் பித்த உப்பிலிருந்து ஓர் இடத்தில் மட்டும் மாறுபட்ட, 3-கீட்டோ பெட்ரோமைசனால் சல்ஃபேட் என்னும் பொருளைச் செவுள்கள் வழியாக வெளியேற்றுகிறது. முட்டை முதிர்ந்த பெண் அதை மோந்துகொண்டு கூட்டைத் தேடி வருகிறது. இதை 2002-இல் லீயின் குழு அறிவித்தது. பித்த நாளமே இல்லாத உடலில் பித்த அமிலம் குடலை விட்டுச் செவுளுக்கு இடம் மாறிவிட்டது. முதுகெலும்புள்ள உயிரினம் ஒன்றின் ஃபெரோமோனை, அதாவது தன் இனத்துக்குச் செய்தி சொல்லும் வாசனைப் பொருளை, பூச்சிக்கொல்லிகளுக்கான சட்டத்தின்கீழ் அமெரிக்க அரசு முதன்முதலாகப் பதிவு செய்ததும் இந்தப் பொருளைத்தான்.

நாளம் இல்லாமல் எப்படிச் சாகாமல் இருக்கிறது என்பதற்கும் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்ள லீயின் குழுவே விடை தேடியது. கல்லீரலுக்கு வழி மூடிவிட்டதால் குடலே தனக்கு வேண்டிய பித்த உப்பைத் தயாரித்துக்கொள்கிறது. கல்லீரல் செய்யும் பித்த உப்பின் வகை மாறுகிறது. மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. பித்த நிறமிகள் மட்டும் கல்லீரலில் தங்கிவிடுவதால், வளர்ந்த லாம்ப்ரேயின் கல்லீரல் பச்சையாகக்கூட மாறிவிடும். எங்கள் குழந்தைகளின் கல்லீரலும் அறுவை அறையில் பச்சை படிந்துதான் தெரியும். ஒன்று அதோடு நீந்துகிறது, கல் சுமக்கிறது. மற்றொன்று, சிகிச்சை கிடைக்காவிட்டால், பெரும்பாலும் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. இதிலிருந்து நாளையே மருந்து வந்துவிடும் என்று எந்தத் தாய்க்கும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் இப்படி ஒரு வழி இயற்கையில் இருக்கிறது என்று தெரிந்திருப்பது எனக்கு வேண்டியிருந்தது.

திரும்பும் வழியில் சரளைச் சாலையில் டயர் பஞ்சர். கைப்பேசிக்குச் சிக்னல் இல்லை, வண்டியிலிருந்த ஜாக்கி துருப்பிடித்துத் திரும்பவில்லை. முக்கால் மணி நேரம் கொசுக்கடியில் நின்றோம். பிறகு வந்த சிறு லாரிக்காரர் எதுவும் கேட்காமல் இறங்கித் தம்முடைய ஜாக்கியை எடுத்து வந்து, மாற்று டயரைப் போட்டுக் கொடுத்தார். அண்ணன் நீட்டிய இருபது டாலரை வாங்கவில்லை. அண்ணி கொடுத்தனுப்பிய முறுக்குப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். அதன் பெயரை இரண்டு முறை கேட்டு, சொல்லிப் பார்த்துக்கொண்டு கிளம்பினார்.

விடுதிக்கு வந்ததும் கைப்பேசியில் வார்டிலிருந்து ஒரு செய்தி. நான் கிளம்புவதற்கு முன் வாரம் கசாய் அறுவை முடிந்த ஒரு குழந்தையின் மலத்தைப் பற்றி இரவுப்பணிச் சகோதரி எழுதியிருந்தாள்: "அக்கா, இன்னைக்குக் கொஞ்சம் மஞ்சளா இருக்கு. டாக்டர்கிட்ட காட்டிட்டேன்." கொஞ்சம் மஞ்சள் என்றால் எவ்வளவு என்று திருப்பிக் கேட்டேன். கடலைமாவு நிறம் என்று பதில் வந்தது. இன்னும் சில வாரங்கள் நிறம் நிலைக்க வேண்டும், காய்ச்சல் வரக்கூடாது, இரத்தத்தில் பிலிருபின் இறங்க வேண்டும். எல்லாம் தெரியும். ஆனாலும் அண்ணனை எழுப்பிச் சொன்னேன்.

ஜூன் 9, ஞாயிறு. ராஜர்ஸ் சிட்டியிலிருந்து நோவை

விடியற்காலை முதல் மழை. மேக்கினாக் தீவுக்குப் போகலாம் என்ற திட்டத்தைக் கைவிட்டோம். புகையூட்டிய வைட்ஃபிஷ் ஒரு பவுண்டு பதினாறு டாலருக்கு வாங்கினோம். கடைக்காரர் பழுப்புத் தாளில் சுற்றி, நூலால் கட்டி, இன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள் என்று எச்சரித்துக் கொடுத்தார். காரில் நான்கு மணி நேரம் அந்த வாசனைதான்.

ஊரைத் தாண்டும் முன் வெள்ளிக்கிழமை ஓடையின் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். தேநீர் நிறம் போய், மழைநீர் சேர்ந்து சேற்றுப் பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. இன்று நான் கையில் எந்த மருந்தும் போட்டுக்கொள்ளவில்லை. குடையை அண்ணனிடம் கொடுத்துவிட்டுக் கரையில் இறங்கி, இரண்டு கையாலும் நீரை அள்ளி முகத்தருகே கொண்டுவந்து மோந்து பார்த்தேன். மண் வாசனை அடித்தது, அழுகிய இலையின் வாசனை அடித்தது. "என்ன தெரியுது?" என்று மேலிருந்து அண்ணன் கேட்டார். தண்ணீரை ஓடையிலேயே விட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறினேன்.